முதல் கேசட்காரர்

என் வீட்டுக்காரர் எவரிஸ்தோ இருக்கும் இடத்தில் சலீத்ரே என்ற பெயரை யாரும் வாய்தவறிக்கூடச் சொல்லிவிடக் கூடாது. சொன்னால் தட்டில் வைத்த சாப்பாடு ஆறிவிடும். ஒருநாள் கேஸ் சிலிண்டர் மாட்ட வந்தவர் பட்டறையில் பாட்டுச் சத்தம் கேட்டு, "ஓ, சலீத்ரேயா? அந்த வயலின் பாட்டு நல்லாருக்குமே" என்று சொல்லித் தொலைத்தார். பாவம், அடுத்த தெருவில் எத்தனை அடுப்பு அவருக்காகக் காத்துக் கிடந்ததோ! சிலிண்டரைத் தோளில் வைத்தபடியே நின்று பிரசங்கம் கேட்டார்.

"மொத ரெண்டு கேசட்டு. அத்தோட அவனுங்க செத்தானுங்க. அதுக்கப்புறம் பாடுனதெல்லாம் பொணம் பாடுனது. புரியுதா தம்பி?"

தம்பிக்கு என்ன புரிந்ததோ, அடுத்த தடவையிலிருந்து வேறு ஆள் வந்தார்.

சலீத்ரே எங்கள் ஊரான நேசாவின் ராக் குழு. ஏரியை வற்றடித்துப் போட்ட ஊர் இது. வெயில் ஏறினால் தரையில் வெள்ளையாக உப்புப் பூக்கும். அந்த உப்பின் பெயரையே வைத்துக்கொண்டார்கள். நாங்கள் சிறுசுகளாக இருந்தபோது காலி மனைகளில், கம்பத்தில் கொக்கி போட்டு மின்சாரம் இழுத்து வாசித்தார்கள். கேசட்டைத் தாங்களே பதிந்து கையோடு கொண்டுவந்தார்கள். அப்புறம் வடக்கே மொந்தெர்ரேய்க்குப் போனார்கள், வயலின் சேர்த்தார்கள், டிவி தொடருக்குப் பாடினார்கள். நன்றாக இருக்கட்டும் என்று விட்டுவிட வேண்டியதுதானே? எங்கள் வீட்டில் அது ஒரு சாவு. இன்றுவரை துக்கம் முடியவில்லை.

பஸ் சீட்டுக்கு உறை தைப்பது அவர் தொழில். தையல் மெஷின் ஒருபக்கம் கடகடக்கும், மறுபக்கம் அந்த முதல் கேசட் கொரகொரக்கும். எந்தச் சத்தம் எதிலிருந்து வருகிறது என்று எனக்குப் பல நாள் தெரிந்ததில்லை. சனிக்கிழமை வந்தால் பஸ் பிடித்து சோப்போ சந்தைக்குப் போவார். அங்கே கேசட்டும் இசைத்தட்டும் மாற்றிக்கொள்ள ஊர்ப்பட்ட ஆட்கள் வருவார்கள். இவர் எதையும் மாற்றமாட்டார். சண்டை போட்டுவிட்டுத் தொண்டை கட்டித் திரும்பி வருவார்.

அந்த முதல் கேசட் எங்கள் தெருவுக்கு வந்தது கோயோவின் புண்ணியத்தில். கோயோ இவருடைய கூட்டாளி, என் மகள் யாரெட்ஸிக்கு ஞானத்தகப்பன். அந்தக் காலத்தில் தெருவிலேயே இரட்டைக் கேசட் டேப் வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான். தெருவில் இருந்த ஆண்பிள்ளைகள் அத்தனை பேருக்கும் உட்கார்ந்து பதிந்து கொடுத்தார். பிறகு அவருடைய டேப்பே மூலக் கேசட்டை ஒருநாள் மென்று துப்பிவிட்டது. ஆகவே எங்கள் தெருவில் இருப்பதெல்லாம் அதன் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான். போட்டால் எண்ணெய்ச் சட்டியில் வெங்காயம் விழுந்த இரைச்சல். "இந்த இரைச்சல்லதாண்டி உசிரே இருக்கு" என்பார் இவர். இப்போதுதான் எல்லாம் போனிலேயே வருகிறதே, அதில் ஒருமுறை கேட்டுத்தான் பாருங்களேன் என்றால், "போன்ல கேக்குறவன்லாம் டிவி தொடர் கோஷ்டி" என்று எழுந்து போய்விடுவார்.

அந்தக் கேசட்டின் கடைசிப் பாட்டுதான் இவர்களுக்கு வேதம். 'தகரம்' என்று பெயர். புழுதிக்காற்று அடிக்கிற நாளில் தகரக்கூரை வீட்டுக்குள் ஒருவன் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். போலீஸ் வந்து தட்டுகிறது, திறக்கமாட்டேன் என்கிறான். மனைக்காரன் தட்டுகிறான், திறக்கமாட்டேன். காற்றே வந்து தட்டுகிறது. கடைசியில் யார் தட்டினாலும் திறக்கமாட்டேன் என்று அடிவயிற்றிலிருந்து கத்துகிறான். அவ்வளவுதான், கிதார், டிரம் எல்லாம் வெட்டிப்போட்டதுபோல் நின்றுவிடும். அந்த இடத்தில் தெரு ஆண்கள் அத்தனை பேரும் முஷ்டியை உயர்த்துவார்கள். கல்யாணமோ கருமாதியோ, அந்தப் பாட்டு ஓடினால் முஷ்டி எழும்.

"எங்க நிறுத்துனான் பாத்தியா? உலகத்துல எவனுக்குடி இந்தத் தைரியம் வரும்?" என்று என்னைக் கேட்பார். எனக்கு, பீன்ஸ் பாதி வெந்துகொண்டிருக்கும்போது கேஸ் தீர்ந்துபோனது மாதிரி இருக்கும். சொன்னால், "உனக்கு ராக் தெரியாது" என்று ஒரு பதில் தயாராக வைத்திருந்தார். எனக்குத் தெரியாததாகவே இருக்கட்டும். தெரிந்தவர்கள் வாழ்கிற லட்சணத்தைத்தான் பார்க்கிறேனே.

இப்படி இருக்கையில் யாரெட்ஸிக்குப் பதினைந்து வயது முடிகிற விழா வந்தது. பெண்ணைப் பெற்ற வீட்டில் இதைவிடப் பெரிய நாள் கிடையாது. கேக்குக்கு ஒரு ஞானத்தாய், கிரீடத்துக்கு ஒரு ஞானத்தகப்பன் என்று ஆளாளுக்கு ஒன்றை ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் அப்பன் செய்ய வேண்டிய இரண்டை அப்பன்தான் செய்ய வேண்டும். பெண்ணின் தட்டைச் செருப்பைக் கழற்றி முதல் குதிகால் செருப்பை மாட்ட வேண்டும், பிறகு அவள் கையைப் பிடித்து எல்லோர் முன்னிலையிலும் ஒரு நடனம் ஆட வேண்டும். அந்த நடனத்தைத்தான் வருகிறவர்கள் பார்க்க வருவார்கள். வராதவர்கள் அதைத்தான் விசாரிப்பார்கள்.

ஒத்திகை தெருவிலேயே நடந்தது. பாஸ்குவால் என்ற நடன வாத்தியார் விசிலை ஊதி ஊதி, அவளோடு ஆடப்போகிற பையன்களை வரிசையில் நிறுத்திக்கொண்டிருந்தார். யாரெட்ஸி பட்டறைக்குள் ஓடி அப்பாவைக் கையைப் பிடித்து இழுத்து வந்தாள்.

"கண்ண மூடுப்பா. உனக்காகத்தான் தேடித்தேடி எடுத்தேன்."

அவரும் சிரித்துக்கொண்டே மூடினார். பாஸ்குவால் பாட்டைப் போட்டார். வயலின் கிளம்பியது. சலீத்ரேதான், அதே பாடகன் நிக்கானோரின் குரல்தான், ஆனால் டிவி தொடரில் வந்த பாட்டு. பாழாய்ப்போன பெண்ணே, வீட்டில் யாரையாவது ஒரு வார்த்தை கேட்கக் கூடாதா!

அவர் கண்ணைத் திறந்தார். "நிறுத்து" என்றார்.

"ஏம்ப்பா? சலீத்ரேதானே? உனக்குப் புடிச்சவங்கதானே?"

"இது சலீத்ரே இல்ல. இது பொணம்."

"ஒரே ஒரு பாட்டுப்பா. எனக்காக."

"இந்தச் சவத்துக்கு நான் ஆடணுமா? தெருவே கைகொட்டிச் சிரிக்கும்."

வரிசையில் நின்ற பையன்கள் அப்போதே சிரித்துவிட்டார்கள். அதுதான் வினை. யாரெட்ஸியின் முகம் சிவந்துபோனது.

"உன் பாட்டு மட்டும் என்ன வாழுதாம்? தகர டப்பாவ உருட்டுற சத்தம். அதுவும் உருட்டி முடிக்கத் தெரியாம பாதியில நின்னுபோவுது."

மற்றதையெல்லாம் பொறுத்திருப்பார். அந்தப் பாதியில் நிற்பதைச் சொன்னதைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை.

"அப்படியா? அப்ப ஆடறதுக்கு வேற அப்பன் பாத்துக்கோ."

"பாத்துக்குறேன். கோயோ இருக்காரு."

அவர் பட்டறைக்குள் போனார், அவள் வீட்டுக்குள் போனாள். நடுத்தெருவில் நானும் விசிலும் நின்றோம்.

அன்று முதல் என் பாடு திண்டாட்டமாகிவிட்டது. ஒரே மேசையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்துகொண்டு, "அம்மா, அவர உப்ப எடுத்துத் தரச் சொல்லு" என்பாள் அவள். "இந்தா அம்பாரோ, உப்பு அங்கதான் இருக்குன்னு சொல்லு" என்பார் இவர். இரண்டு பேருக்கும் நடுவில் உப்புத் தூக்கவா நான் வாக்கப்பட்டு வந்தேன்? ஒருநாள் உப்புக் குப்பியை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டுவிட்டேன். இரண்டும் உப்பில்லாமல் சாப்பிட்டுவிட்டு எழுந்து போயின.

இவரைத் தனியாகப் பிடித்தேன்.

"யோவ், அவ உன்னச் சந்தோசப்படுத்தத்தானே அந்தப் பாட்ட எடுத்தா?"

"தெரியும்."

"தெரிஞ்சுமாய்யா இப்படி இருக்க?"

"தெரிஞ்சா மட்டும் வயலின் நல்லாயிருமா?"

கையில் தொர்த்தியா ரொட்டி சுடுகிற கனமான கல் இருந்தது. எப்படிக் கீழே வைத்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

மகளிடம் போனால் அவள் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கட்டிலில் கிடந்தாள். எந்நேரமும் அதே கோலம்தான். ஒரு பக்கத்தைக் கழற்றிவிட்டுச் சொன்னேன்: "போய் ஒரு வார்த்தை பேசுடி."

"அவரு பேசட்டும்."

"அவரு பேசமாட்டாருடி. அவரு அப்படித்தான்."

"நானும் அவரு பொண்ணுதானேம்மா" என்று மறுபடி மாட்டிக்கொண்டாள்.

கோயோவாவது பெரிய மனுஷராக நடந்துகொள்வார் என்று நம்பினேன். அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துத் திருகிக்கொண்டே நின்றார். "புள்ள வந்து கேட்டுருச்சு, தங்கச்சி. எப்படி மாட்டேங்கறது? மச்சான்கிட்ட நானும் பேசிப் பாத்தேன். ஆனா ஒண்ணு சொல்றேன், வயலினுக்கு ஆடறது தப்புங்கறதுல அவன் பக்கம் நியாயம் இருக்கு" என்றார். இவர்களை வைத்துக்கொண்டு ஒரு பெண் என்னதான் செய்வாள்!

விழா நாளும் வந்துவிட்டது. மாதா கோயிலில் பூசை முடிந்து மதியத்துக்கு மேல் தெருவை இருபுறமும் அடைத்து, வீட்டுக்கு வீடு கயிறு இழுத்துப் படுதா கட்டியிருந்தோம். காற்று அதைத் தூக்கித் தூக்கிப் போட்டது. பன்றிக்கறி வேகிற செம்புக் கொப்பரையின் பக்கத்தில் மார்புக்கு மேல் ஏப்ரன் கட்டிக்கொண்டு கரண்டியோடு நின்றார் என் வீட்டுக்காரர். யாரிடமும் கொடுக்கமாட்டேன், நான்தான் கிண்டுவேன் என்று பிடிவாதம். கறி பக்கத்தில் நின்றால் நடனத்துக்குக் கூப்பிட முடியாதல்லவா? எனக்கா தெரியாது இவர் தந்திரம்!

செருப்பு மாட்ட மட்டும் வந்தார். "செருப்பு அப்பன் கடமை. ஆட்டம் இஷ்டம்" என்று முன்பே சொல்லிவிட்டிருந்தார். முட்டி போட்டு உட்கார்ந்தார். தட்டைச் செருப்பைக் கழற்றினார், வெள்ளைக் குதிகால் செருப்பை மாட்டினார், வாரைக் கோத்தார். சீட்டு உறைக்கு எப்படி முடிச்சுப் போடுவாரோ அப்படி இழுத்து ஒரு முடிச்சு. நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்ப்பார் என்று நான் எதிர்பார்த்து நின்றேன். அவளும் குனிந்து காத்திருந்தாள். அவர் எழுந்து நேராகக் கொப்பரைக்குப் போய்விட்டார். நீலக் கவுனுக்குள் என் பெண்ணின் தோள் ஒருமுறை ஏறி இறங்கியது. அந்த நிமிடம் எனக்கு அவரைப் பிடிக்கவே இல்லை.

பாஸ்குவால் மைக்கில் அறிவித்தார்: "இப்போது தந்தையோடு நடனம்." சொல்லிவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு, "ஞானத்தந்தையோடு" என்று திருத்தினார். தெரு முழுக்க இருந்த தலைகள் கொப்பரைப் பக்கம் திரும்பின. இவர் கறியையே பார்த்துக்கொண்டிருந்தார். இஸ்திரி போட்ட சட்டையோடு கோயோ நடுவில் வந்து யாரெட்ஸியின் கையைப் பிடித்தார். வயலினுக்காகக் காத்திருந்தோம்.

டிரம் அடித்தது. தகரத்தில் கல் விழுகிற அந்த டிரம்.

ஒரு கணம் யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. அப்புறம் ஆண்கள் பக்கத்திலிருந்து ஒரு கூச்சல் எழுந்தது. 'தகரம்'! அதே முதல் கேசட்டுப் பாட்டு, ஆனால் வெங்காய இரைச்சல் இல்லாமல், பக்கத்து வீட்டில் நின்று வாசிப்பதுபோல் சுத்தமாகக் கேட்டது. என் பெண்தான் மாற்றியிருக்கிறாள். பாஸ்குவாலைத் தவிர யாருக்கும் சொல்லவில்லை. கட்டிலில் கிடந்து அவள் என்ன கேட்டுக்கொண்டிருந்தாள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

நான் கொப்பரைக்கு ஓடினேன்.

"போய்யா! உன் பாட்டுதான்யா! போ!"

"கோயோ நிக்கிறான்ல."

"கோயோவ நான் இழுத்துக்கறேன். நீ போ."

"கையெல்லாம் எண்ணெய்."

"தொடச்சுக்கோ!"

"பாதிப் பாட்டு போயிருச்சுடி. இப்பப் போயி நடுவுல நுழைஞ்சா நல்லாருக்காது."

முதுகில் கை வைத்துத் தள்ளினேன். பஸ் சீட்டைத் தள்ளினாலாவது நகரும். போலீஸ் வந்து தட்டியாயிற்று, மனைக்காரன் தட்டியாயிற்று. கோயோவின் காலுக்கடியில் யாரெட்ஸியின் புதுச் செருப்பு மிதிபட்டது. அவள் கண் மட்டும் கோயோவின் தோளுக்கு மேலாக இந்தப் பக்கமே இருந்தது. இவரும் பார்க்கிறார். உதடு பாட்டோடு கூடவே அசைகிறது. கால் மட்டும் அசையவில்லை. காற்று தட்டுகிற அடியும் வந்துவிட்டது. அதற்குப் பிறகு எவ்வளவு பாக்கி என்று அந்தத் தெருவில் பச்சைக் குழந்தைக்கும் தெரியும். அவர் கரண்டியைக் கொப்பரை விளிம்பில் வைத்தார். ஒரு அடி எடுத்து வைத்தார்.

யார் தட்டினாலும் திறக்கமாட்டேன் என்று நிக்கானோர் கத்தினான். எல்லாம் நின்றது.

முஷ்டிகள் எழுந்தன. கோயோ பழக்கதோஷத்தில் பெண்ணின் கையை விட்டுவிட்டுத் தானும் முஷ்டியைத் தூக்கினார். என் மகள் நடுத்தெருவில் தனியாக நின்றாள்.

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். முடிந்துபோனது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. மகளுக்குப் பதினைந்து வயது இனி ஒருமுறை வராது. தூக்கிய காலை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார். இத்தனை நாள் கரித்துக்கொட்டினேனே, அந்த மனுஷன் அப்படி நிற்பதை என்னால் தாங்க முடியவில்லை.

அப்போது ஒற்றைக் கிதார் மெதுவாகக் கிளம்பியது.

முஷ்டிகள் மேலேயே இருந்தன. அந்தச் சங்கீதத்தை எங்கள் தெருவில் எவரும் கேட்டதில்லை. டிரம் இல்லை, கூச்சல் இல்லை. நிக்கானோர் தாழ்ந்த குரலில், பேசுகிற மாதிரி பாடினான். யாரோ விரலால் தட்டுகிறார்கள். எனக்குத் தெரியும், அது நீதான். இரு, தாழ்ப்பாள் துருப்பிடித்துக் கிடக்கிறது. இழுத்துக்கொண்டுதான் இருக்கிறேன். இரு, போய்விடாதே.

என் வீட்டுக்காரர் நடந்தார். ஏப்ரனோடு, எண்ணெய் வழிகிற கையோடு, முஷ்டி தூக்கி நின்ற ஆண்களை இடித்துக்கொண்டு போனார். அவள் முன்னால் போய் நின்று கையை ஏப்ரனில் தேய்த்தார், சட்டையில் தேய்த்தார், மறுபடி ஏப்ரனில் தேய்த்தார்.

"இரும்மா, கைய தொடச்சுக்கறேன்" என்றார்.

"இன்னும் இருக்குப்பா. அவசரமில்ல" என்றாள் யாரெட்ஸி.

அவர் எண்ணெய்க் கையாலேயே பிடித்தார். நீலக் கவுனில் ஐந்து விரலும் பதிந்தது. ஆடத் தெரியாது அவருக்கு. இந்தப் பக்கம் ஒரு அடி, அந்தப் பக்கம் ஒரு அடி. அவள் நெற்றியை அவர் தோளில் வைத்துக்கொண்டாள்.

கோயோ தொப்பியைத் திருகிக்கொண்டே என் பக்கத்தில் வந்து நின்றார்.

"அன்னிக்குப் பதிய வாங்குன காலிக் கேசட்டெல்லாம் சின்னதா போச்சு, தங்கச்சி. கடைசில கொஞ்சம் பத்தல. கொஞ்சந்தானேன்னு விட்டுட்டேன்."

"உங்களுக்குத் தெரியுமா இது? இத்தன வருசமாவா?"

"எல்லாரும் அந்த முடிவ அப்படி மெச்சுனாங்க. அப்புறம் எந்த வாயால சொல்றது? மெச்ச மெச்ச எனக்கே அதுதான் முடிவுன்னு ஆயிருச்சு."

அந்த இடத்திலேயே அவரை அடித்திருப்பேன். ஆனால் கண்ணீர் மறைத்தது, ஆள் எங்கே நிற்கிறார் என்றே தெரியவில்லை. இத்தனை வருஷம் ஒரு வீட்டில் வாழ்ந்தும் அந்தப் பாட்டு எனக்குப் பிடித்தது அன்றுதான். அதை எவரிஸ்தோவிடம் நான் சொல்லப்போவதில்லை. சொன்னால் என் ஆயுள் போதாது.

கிதார் மெல்ல மெல்லத் தேய்ந்து நின்றுவிட்டது. யாரும் கைதட்டவில்லை. முன்பு ஏமாந்தவர்கள் அல்லவா, இன்னும் ஏதாவது வருமோ என்று அத்தனை பேரும் காத்திருந்தார்கள். பாட்டு எங்கே முடிகிறது என்று அந்தத் தெருவில் கோயோவுக்கும் என் மகளுக்கும்தான் தெரியும். கோயோ இனி வாயைத் திறக்கமாட்டார். அவளும் சொல்லவில்லை. படுதா மட்டும் படபடத்துக்கொண்டிருக்க, அவர் இந்தப் பக்கம் ஒரு அடி, அந்தப் பக்கம் ஒரு அடி என்று ஆடிக்கொண்டே இருந்தார், அவளும் கூடவே ஆடினாள்.